மிதந்தால் நம் சரக்கு

திங்கட்கிழமை காலையில் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பது பிலோமினாளின் வேலை. மாம்பாறை கூட்ரோட்டில் மகளிர் குழு நடத்தும் அந்தத் தகரக் கூடத்தில் வேலை செய்பவர்களே இரண்டு பேர்தான். இருந்தாலும் தொட்டி அவளுடையது, அரவை மெஷின் சாந்தம்மாளுடையது என்று முதல் நாளே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். மலைக் கிராமங்களிலிருந்து வருகிற பால் கவர், எண்ணெய்ப் பாக்கெட், கேரி பேக், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டி, நீளக் கோலால் கிண்டி அலசி, கொடியில் காயப்போட வேண்டும். காய்ந்ததை மெஷினில் கொத்துமல்லி விதை அளவுக்கு அரைத்து மூட்டை கட்டிவைத்தால், தார் ரோடு போடுகிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். சூடான ஜல்லி மேல் இந்தத் தூளைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். பிறகு தார் விடாமல் பிடிக்கும். தாரும் கொஞ்சம் மிச்சமாகும்.

பிலோமினாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்தது கண்ணமங்கலம் பக்கம். புருஷன் சந்தியாகு ரோட்டு வேலைக்காரர். மலைப்பாதையை அகலப்படுத்தின காலத்தில் அவர் தார்க் கூட்டத்தோடு மேலே ஏறினார், கூட்டத்துக்குச் சோறு பொங்கிப்போட இவளும் ஏறினாள். ரோடு முடிந்ததும் கூட்டம் இறங்கிப்போயிற்று. இவர்கள் இறங்கவில்லை. "கீழ போனா மூச்சு வுடறதுக்கும் வாடகை கேப்பான்" என்பது அவள் சொன்ன காரணம். சந்தியாகுவின் நெஞ்சு அப்போதே பழுதாகிவிட்டிருந்தது என்பது அவள் சொல்லாத காரணம்.

மலையில் அவளுக்குப் பேர் வாங்கித்தந்தது பால் கவரின் மூலை. டீக்கடைக்காரர்கள் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகக் கத்தரித்து வீசிவிடுவார்கள். நகம் அளவுக்கு இருக்கும் அந்தத் துண்டு எந்தச் சாக்கிலும் சேராது. காற்றில் பறந்து வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஆட்டின் வயிற்றுக்குப் போகும். டீக்கடை மாதையனிடம் ஒரு நாள் கத்தரிக்கோலைப் பிடுங்கி, மூலை கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி எப்படி வெட்டுவது என்று காட்டினாள். "ஒம் புள்ளைக்கு மொட்ட போடறப்ப காத சேத்தா வெட்டுவ? பாத்து வெட்றல்ல? அதுமாதிரிதான்." அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தது மாதையனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மூலையை ஒட்டியே வெட்டப் பழகிக்கொண்டான்.

கோயில் திருவிழாவுக்குப் பெரிய பெரிய ஃபிளக்ஸ் பேனர் வைக்கக் கிளம்பிய பங்குச் சாமியாரிடமும் போய் நின்றாள். "சாமி, மாதா உங்களாண்ட வந்து பேனர் கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லுங்க, நான் போய்டறேன்." அந்த வருஷம் துணியில் எழுதித்தான் கட்டினார்கள். எழுத்து கோணலாக இருந்தது. மாதா ஒன்றும் சொல்லவில்லை.

ஃபிளக்ஸ் மேல் அவளுக்கு ஒன்றும் ஜென்மப் பகை கிடையாது. கூடம் திறந்த அன்றைக்கு ரோட்டு என்ஜினியர் ஜீவானந்தம் ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் செய்துகாட்டினார். பால் கவர் துண்டு மிதந்தது, ஃபிளக்ஸ் துண்டு முழுகியது. "மிதந்தா நம்ம சரக்கு. முழுகினா தள்ளிவச்சிடுங்க. ஃபிளக்ஸ்ல குளோரின் இருக்கு. கொதிக்கிற ஜல்லியில பட்டா அமிலப் புகை கிளம்பும். கண்ணு எரியும், நெஞ்சப் பிடிக்கும். அதுமட்டும் கலக்கவே கூடாது" என்றார். எளிமையாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் புரிந்தது.

"சாம களையறப்ப மேல வர்றது பதரு, அடியில நிக்கறது தானியம். இங்க பதருதான் சரக்கா?" என்று சாந்தம்மாள் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அத்திக்கொல்லைக்காரி. சாமையும் புளியும் விளைகிற ஊர்.

இந்தத் திங்கட்கிழமை பிலோமினாள் கண்ணமங்கலத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு முதல் பஸ்ஸில் மலையேறி நேரே கூடத்துக்கு வந்திருந்தாள். தொட்டி நிறையட்டும் என்று திரும்பியவளுக்குச் சுவரோரம் கண் நின்றது. சனிக்கிழமை பூட்டும்போது மூட்டை சொற்பம். இப்போது சுவரே தெரியவில்லை.

ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பால் கவர் தூள் மூட்டையைப் பிள்ளையை இடுப்பில் வைப்பதுபோல் ஒரே வீச்சில் தூக்கிவிடுவாள். இது எழவில்லை. கட்டை அவிழ்த்து உள்ளே கைவிட்டாள். துணுக்குகள் ஒரு பக்கம் வர்ணம், மறுபக்கம் வெள்ளை. கத்தி சரியாக வெட்டாமல் விட்ட பெரிய துண்டு ஒன்றில் யாருடையதோ பாதி மீசை இருந்தது.

ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டாள். தூள் அல்லவா, முதலில் மேலேயே நின்றது. கோலை விட்டுவிட்டுக் கையாலேயே ஒரு கலக்குக் கலக்கினாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இறங்கிப்போய் அடியில் படிந்தன. மீசையும் போயிற்று.

"அடிப்பாவி" என்றாள் பிலோமினாள். யாரை என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

மெஷினின் வாயைத் திறந்து பார்த்தாள். பேனரைக் கயிறு போட்டுக் கட்டுவதற்காக ஓரத்தில் அடித்திருப்பார்களே, அந்த இரும்பு வளையங்கள் நசுங்கி உள்ளே கிடந்தன. கத்திகளின் ஓரம் கிழவன் வாய்போலப் பல்லுப்போயிருந்தது.

எங்கிருந்து வந்த ஃபிளக்ஸ் என்பதில் சந்தேகமே இல்லை. கொஞ்ச நாள் முன்பு ஒரு மைக் ஆட்டோ மலை முழுக்கச் சுற்றிக்கொண்டு போயிற்று. "உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக், உங்கள் ஊருக்குத் தார் ரோடு" என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அத்திக்கொல்லைக்கு ரோடு போட அனுமதி கிடைத்திருந்த நேரம் அது. கூட்ரோட்டிலிருந்து அந்த ஊருக்கு இன்றுவரைக்கும் கல்லும் குழியுமான வண்டித் தடம்தான். புளி உலுக்கி, தட்டி, மூட்டை கட்டித் தலையில் சுமந்து கூட்ரோட்டுக்கு வருவார்கள். சுமந்துவந்ததைத் திருப்பிச் சுமக்க முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும். அவன் வாயில் வந்ததுதான் விலை.

அத்திக்கொல்லைக்காரர்கள் மைக் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கிற பிளாஸ்டிக் அளவுக்குத்தான் ரோடு நீளும் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் ஊரில் கவர் ஏது? கடையே கிடையாது. இருந்ததெல்லாம் அடிவாரத்துச் சந்தையில் வாங்கிவந்த பழைய ஃபிளக்ஸ்தான். மாட்டுக்கொட்டகைக்கு அதுதான் கூரை, புளி காயப்போடவும் அதுதான் பாய். சடையன் வீட்டு மாடுகள் பல வருஷமாக யாரோ ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் கீழேதான் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அத்தனையையும் பிரித்து இறக்கி, ஓடையில் தேய்த்துக் கழுவி, கல்யாணப் புடவைபோல மடித்து, ஊரே வரிசையாகத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது. ஒரு கிழவி, இன்னும் ரெண்டு ஃபிளக்ஸ் கொடுத்தால் ரோடு காளியம்மன் கோயில்வரைக்கும் போகுமா என்று விசாரித்தாள்.

பிலோமினாள் வாங்க மறுத்துவிட்டாள்.

சாந்தம்மாளின் புருஷன் சடையன்தான் முன்னால் நின்றவன். ரோட்டுக் கான்ட்ராக்டர் கிளமென்டின் தார் வேலைக்குக் கூலிக்குப் போகிறவனும் அவன்தான். கூட அந்த ஊர்ப் பையன்களும் போவார்கள்.

"யக்கா, எங்க கூரையப் பிரிச்சிக் கொண்டாந்துகீறோம். வேணாங்கறியே?"

"உன் கொட்டாய் மேல கெடந்தா அது கூரப்பா. கொதிக்கிற ஜல்லியில விழுந்தா வெஷம். எடுத்தும் போயி மறுபடி கட்டு. மழ வந்தா மாடு நனையும்."

"பொகை எங்க நெஞ்சுக்குள்ளதான போவும்? நாங்கதான நிக்கப்போறோம்? உனக்கு இன்னா வந்துது? எங்களுக்கு ரோடு வேணும்."

பிலோமினாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "உன் நெஞ்சு உன்னுது சடையா. அரைக்கக் குடுக்கற கை என்னுது."

அவர்கள் ஃபிளக்ஸைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. சுவருக்கு வெளியே அடுக்கிவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள். அந்த அடுக்கு இப்போது பாதியாகக் குறைந்திருந்தது.

சாந்தம்மாள் உள்ளே வந்தபோது பிலோமினாள் நசுங்கின வளையங்களை ஒரு முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாந்தம்மாள் முறத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றின இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம யாரு மெஷின ஓட்னது?"

"கிளமென்ட் அண்ணன் வந்தாருக்கா. எங்க வூட்டுக்காரரும் வந்தாரு. எங்கிட்ட இருக்கற சாவியக் கேட்டாங்க."

"குடுத்துட்ட."

"மார்ச்சு முடிஞ்சா ரோடு பணம் திரும்பிப் போய்டுமாமே. தூளு பத்தலன்னா ரோடே வராதுன்றாரு கிளமென்ட் அண்ணன். நான் இன்னாக்கா பண்ணட்டும்? எங்க மாமியாக்காரி கழுத்து எலும்பு தேஞ்சி போச்சி, புளிமூட்ட தூக்கித் தூக்கி. அடுத்து என் கழுத்துதான்."

பிலோமினாளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் யாருடைய கழுத்தைப் பார்த்துக் கத்துவது? "அந்தச் சாவிய வச்சிட்டுப் போய் டீ வாங்கினு வா. எனக்குச் சக்கர தூக்கலா" என்றாள். சாந்தம்மாள் போனதும் ஸ்பேனரை எடுத்து மெஷினின் கத்திகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

கிளமென்ட் வேறு யாரோ அல்ல, அவளுடைய அண்ணன் மகன். தார் ரோட்டில் சப் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். அண்ணன் காலமாகிவிட்டதால், ஈஸ்டர் கழிந்து நடக்கவிருக்கும் அவள் மகள் டெல்சியின் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நின்று சீர் கொண்டுவர வேண்டியவனும் அவன்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சந்தியாகுவுக்கு மூச்சு முட்டினபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனவன். அது நினைவிருந்தும் கடைசிக் கத்தியையும் அவள் கழற்றிச் சாக்கில் போட்டாள்.

சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். சந்தியாகு கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கிளமென்ட் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கை அவரையை எடுத்துக்கொண்டான்.

"அத்தே, கத்தியக் காணோமாமே."

"பல்லுப்போச்சி நைனா. கழட்டி வச்சிகீறேன்."

"வேற போட்டுக்கலாம். மீதி ஃபிளக்ஸையும் அரைச்சிக் குடுத்துடு. மேல பால் கவர் தூளப் போட்டு மூட்ட கட்டிட்டா ஒருத்தனும் குடைஞ்சி பாக்கமாட்டான்."

"ஒருத்தனும்னா, நான் ஒருத்தி இல்லியா?"

"அத்தே, எவ்ளோதான் கலக்கப்போவுது? ரோட்ல பாதி எடத்துல இதான் நடக்குது. நீ மட்டும் மலமேல ஒக்காந்துகினு பேஜார் பண்ற. மாமா, நீங்க சொல்லுங்க."

சந்தியாகு அவரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒருதபா கீழ, ஆரணி ரோட்டு வேலையில, அடுப்பு பத்திக்கட்டும்னு ஒரு பையன் பழைய பேனரக் கிழிச்சிப் போட்டான். தார்க் கொப்பரைக்குக் கீழ. கொப்பரையண்ட நின்னவன் எல்லாம் ஓடனான். ஒருத்தன் கண்ண ரெண்டு நாளு தொறக்கல. அது வெறும் அடுப்பு. நீ ஜல்லி மேலயே தூவப் பாக்கற." ஒரு தோலை எட்டப் போட்டார். "அப்புறம் இன்னொண்ணு. தூளு இல்லன்னா ரோடு வராதுன்னு இன்னாத்துக்குடா அந்த ஜனத்தாண்ட சொன்ன? நாங்க காலமெல்லாம் வெறுந்தார்லதான்டா ரோடு போட்டோம். இந்த மலைக்கு வர்ற ரோடே அப்படிப் போட்டதுதான்."

கிளமென்ட் சிரித்தான். "அப்ப தார் வெல இன்னா, இப்ப இன்னா மாமா?"

பிலோமினாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவன் வாயாலேயே வந்துவிட்டது. ரோடு வருவதும் வராததும் தூளில் இல்லை. தூள் குறைந்தால் தார் கூடும், அது அவன் கையைக் கடிக்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஒரு ஊரே கூரையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

"சாப்ட்டுட்டுப் போ, கொழம்பு வச்சிகீறேன்" என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். போகும்போது வாசலில் நின்று, "யோசன பண்ணு அத்தே. டெல்சி கல்யாணம் நெருங்குது" என்றான்.

மறுநாள் பிலோமினாள் கத்திகளைச் சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்கினாள். கூடையைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, சமையலுக்கா? கனமா கீதே" என்றார். "ஆமாப்பா, கறி ஆக்கப்போறேன். யாரு கறின்னு இன்னும் முடிவு பண்ணல" என்றாள் அவள். லேத் பட்டறையில் கத்திகளைச் சாணைக்குக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவில் ஏறி இறங்கினாள். டீக்கடை, ஸ்வீட் ஸ்டால், ஓட்டல் என்று ஒவ்வொன்றாக நின்று பால் கவரும் எண்ணெய்க் கவரும் கேட்டாள். சிலர் கொடுத்தார்கள், சிலர் பிச்சைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு ஓட்டல்காரர், "காசு கேக்காம குப்ப கேக்கற மொத ஆளு நீதான்" என்று வாரம் ஒரு சாக்கு கட்டிவைப்பதாகச் சொன்னார். சாயங்காலம் கத்திகளோடும் இரண்டு சாக்குக் கவரோடும் மலையேறினாள். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். அத்திக்கொல்லை ரோட்டுக்கு முன் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

புதன்கிழமை மத்தியானம் எதிர்பாராமல் கோடை மழை அடித்தது. பொழுது சாய்வதற்குள், சுவருக்கு வெளியே மீதமிருந்த ஃபிளக்ஸையெல்லாம் ஒரு ஜீப்பில் ஏற்றி, "உங்க கூரைய உங்க ஊர்லயே சேத்துடு" என்று சாந்தம்மாளையும் ஏற்றி அனுப்பினாள் பிலோமினாள். சாந்தம்மாள் ஏறும்போது முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து, "எங்க எருது நனஞ்சி நடுங்கிகினு நின்னுச்சிக்கா" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்து, தன் வேலையில்லாத அந்தத் தொட்டியில், பிலோமினாளுக்கு எதிரே நின்று, கோலை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மூட்டைகளை இருவரும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கொட்டினார்கள். மேலே வந்ததை வலையால் அரித்தெடுத்தார்கள். முழுகினது தனி மூட்டை. வேலை முடிவதற்குள் இருவரையும் என்ஜினியர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

ஜீவானந்தத்தின் அறையில் ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் மூடிபோட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர். கிளமென்ட் ஒரு நாற்காலியில் இருந்தான். சடையன் சுவரோடு சுவராக நின்றான். பிலோமினாள் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, சொல்லுமுன்னே உட்கார்ந்தாள்.

"ஒக்காரு சடையா. நாற்காலி உனக்கும்தான் போட்டுகீறாங்க."

அவன் உட்காரவில்லை. சாந்தம்மாளும் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பிலோமினாம்மா, உங்க வேலையப் பத்தி நான் எல்லா மீட்டிங்லயும் சொல்லுவேன்" என்று ஆரம்பித்தார் ஜீவானந்தம்.

"எறக்கத்துல பிரேக் புடிக்கிற மாதிரி இருக்குது சார். நேரா சொல்லிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்ச்சுக்குள்ள ரோட்ட முடிக்கணும். உங்க கூடத்துலேருந்து தூள் வர்றதாத்தான் எஸ்டிமேட்டே போட்டிருக்கு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன். ஒரே ஒரு தடவதான். மூட்டைய நான் வந்து பாக்கப்போறதில்ல."

"நீங்க பாக்கலன்னா அது மெதக்குமா சார்?"

கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். டம்ளரின் மூடியை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை தூளைத் தண்ணீரில் போட்டு விரலால் கலக்கினாள். வர்ணத் துணுக்குகள் சுற்றிச் சுற்றி இறங்கி அடியில் உட்கார்ந்தன. ஜீவானந்தம் டம்ளரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க சொல்லிக்குடுத்தது சார். பக்கெட் வச்சிகினு, எங்க எல்லாரு முன்னாடியும். உங்களுக்குத் தெரியாதுன்னு நான் காட்டல. நான் மறக்கலன்னு காட்டறேன்."

"அத்தே, சினிமா காட்டாத" என்றான் கிளமென்ட். "உன்னால முடியலன்னா வுட்ரு. சாவிய சாந்தம்மாகிட்ட குடுத்துட்டு வூட்ல ஒக்காரு. அவங்க ஊரு ரோடு, அவங்க அரைச்சிக்குவாங்க. கேட்டுக்க, டெல்சி கல்யாணத்துக்கு மாமன் எடத்துல நிக்கவேண்டியவன் நான்."

"மறக்கல நைனா. நீ நிக்கலன்னா அந்த எடத்துல ஒரு நாற்காலியப் போட்டுட்டு, எங்கண்ணன் போட்டோவ வைக்கறேன். அவரு ஃபிளக்ஸ் கலந்து ரோடு போடல."

கிளமென்டின் முகம் சுருங்கிப்போயிற்று. இவ்வளவு தூரம் பேசியிருக்க வேண்டியதில்லையோ என்று ஒரு கணம் அவளுக்கும் பட்டது. ஆனால் பேசியாயிற்று, திருப்பி விழுங்கவும் மனசில்லை.

"சரிம்மா, அவர் சொல்றதுதான் எனக்கும் சரின்னு தோணுது" என்றார் ஜீவானந்தம். "சாவியக் குடுத்துடுங்க."

பிலோமினாள் இடுப்பிலிருந்து சாவி இரண்டையும் உருவி மேசை மேல் வைத்தாள். "எடுத்துக்கமே சாந்தா."

சாந்தம்மாள் முந்தானை நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். சடையன் முழங்கையால் இடித்தான். அவள் கை முந்தானையை விடவில்லை. சாவி மேசையிலேயே கிடந்தது.

"கத்தி?" என்றான் கிளமென்ட்.

"மெஷின் சர்க்காருது. கத்தி எங்க குழு பொம்பளைங்க வாங்கினது. சாணை புடிச்சி எடுத்தாந்துகீறேன், இந்தக் கூடையிலதான் கீது. மெதக்கற சரக்கு வர்ற அன்னிக்கு மாட்டுவேன். அதுக்கு முன்ன எவனாவது ஃபிளக்ஸ் அரைக்கணும்னா பல்லால கடிச்சி அரைக்கட்டும்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரைக்கும் போனவள் நின்றாள். கிளமென்டைப் பார்க்கவில்லை. சடையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு சார். தூளு இல்லன்னா ரோடே வராதுன்னு இவங்க நம்பிகினு கீறாங்க. நம்பித்தான் மாட்டுக் கூரையப் பிரிச்சாங்க. நான் பொம்பள, சமையக்காரியா மலையேறினவ, நான் சொன்னா எடுபடாது. நீங்க என்ஜினியரு. இவன் மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க. தூளு கம்மியா இருந்தா, தாரக் கூடப் போட்டு அத்திக்கொல்லைக்கு ரோடு போட முடியுமா, முடியாதா?"

சடையன் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். கிளமென்ட் செல்போனை எடுத்துப் பார்த்தான். ஜீவானந்தம் டம்ளரின் மூடியைத் தேடி எடுத்து, அந்தத் தண்ணீருக்கு மேல் மெதுவாக வைத்து மூடினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்" என்றான் சடையன். பிலோமினாள் கூடையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டு வெளியே போனாள்.